டர்போ காரில் பேக் கம்ப்ரஷன்: பிரீதர் குழாயை என்ன செய்வது?

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்ஷன் வகை டர்போ பெட்ரோல் கார். வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஓட்டம் 90,000 கிலோமீட்டரை நெருங்குகிறது. வாரத்தில் ஒரு நாள் காரைக்குடியிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பும். மற்ற நாட்களில் செக்காலைக்கும் கழனிவாசலுக்கும் இடையே குறுந்தூரம் சுற்றும். சென்ற சித்திரையில் ஏர் பில்டரை மாற்றக் கழற்றியபோது, டர்போவின் வாய்க்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறம் முழுவதும் ஆயிலில் நனைந்திருந்தது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ்க் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். அங்கே இரண்டு மேசைக்கரண்டி அளவு ஆயில் தேங்கியிருந்தது. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் ஓரத்திலும் ஈரம் கசிந்து, அதன்மேல் செம்மண் புழுதி ஒட்டிக் களியாக இறுகியிருந்தது.

என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள். பழக்கமான மெக்கானிக், “பேக் கம்ப்ரஷன் அடிக்குதுண்ணே, பிரீதர் பைப்பைக் கழற்றிக் கீழே விட்டுடலாம், அரை மணி நேர வேலை” என்றார். எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேசில் வாயு அழுத்தம் ஏறுவதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள்; அந்த வாயு போகும் குழாய்தான் பிரீதர். மதுரையில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர், வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பாவான கேட்ச் கேன் பொருத்தச் சொன்னார். லாரித் தொழிலில் பல ஆண்டுகள் இருந்த என் மச்சான், பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைக்கும் ரிங் போய்விட்டது என்றும் எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும் என்றும் உறுதியாகச் சொன்னார். மூவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் மூவரில் எவரும் கிராங்க் கேசுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்கவில்லை. அந்த அளவு தெரியாமல் இந்த வழிகளை ஒப்பிட முடியாது என்பதே நான் இங்கே சொல்ல வந்தது.

சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு, பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே கிராங்க் கேசுக்குள் இறங்குகிறது. புத்தம் புதிய எஞ்சினிலும் இது நடக்கும். ரிங்கின் இரு முனைகளுக்கு இடையே, சூட்டில் விரிவதற்காக ஓர் இடைவெளி விட்டே ஆகவேண்டும். டர்போ எஞ்சினில் சிலிண்டரின் உள்ளழுத்தம் அதிகம் என்பதால் இறங்கும் வாயுவும் அதிகம். நீராவி, எரியாத பெட்ரோல், கரித்துகள், அமிலமாக மாறக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவை அதில் இருக்கின்றன. கிராங்கின் சுழற்சியில் சிதறும் ஆயிலின் நுண்துளிகளையும் அது தன்னோடு எடுத்துக்கொள்கிறது. இந்த வாயு வெளியேறியாக வேண்டும். வெளியேறும்போது ஆயிலைக் கொண்டுபோகக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இழுபறியாக இருப்பதுதான் சிக்கலின் வேர்.

நம் பக்கத்தில் கிணற்றடியில் ஓடிய பழைய லிஸ்டர் வகை ஆயில் எஞ்சின்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அவற்றின் பிரீதரில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது திறந்து காற்றை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். அதனால் உள்ளே எப்போதும் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தம், அதாவது வெற்றிழுப்பு, நிலைத்து, ஆயில் மூட்டுகள் வழியே கசியாமல் நிற்கும். அந்தத் தகடு தேய்ந்துவிட்டால் எஞ்சின் முழுவதும் ஆயில் வியர்க்கத் தொடங்கும். தகட்டை மாற்றினால் வியர்வை நிற்கும். அதற்காக ரிங்கை யாரும் கழற்றியதில்லை. இன்றைய காரிலும் கேள்வி அதேதான், வழிதான் சற்று வளைந்து செல்கிறது.

கார்களில் முதலில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியே நேராகச் சாலையில்தான் விட்டார்கள். 1961ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவில் பிசிவி வால்வு வந்தது: வெளியே விடுவதற்குப் பதிலாக, எஞ்சினே அந்த வாயுவை, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் மேனிஃபோல்டின் வெற்றிழுப்பால் உறிஞ்சி மீண்டும் எரிக்கும் முறை அது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, வாயு வெளியேற ஒரு வழி இருப்பதைப் போலவே தூய காற்று உள்ளே வர இன்னொரு வழியும் உண்டு என்பது. செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு முதல் பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதற்கு ஒரு காரணம் காற்றோட்டம். பின்வாசலை மட்டும் திறந்துவைத்தால் வளவில் புழுக்கம் போகாது. எஞ்சினுக்குள்ளும் அப்படியே. ஏர் பில்டரைத் தாண்டிய குழாயிலிருந்து தூய காற்று டேப்பட் கவருக்குள் நுழைந்து, கிராங்க் கேசைக் கழுவிக்கொண்டு, பிசிவி வால்வு வழியே மேனிஃபோல்டுக்குப் போகிறது. ஆயிலில் சேரும் நீரையும் பெட்ரோல் ஆவியையும் அந்தக் கழுவல்தான் அகற்றுகிறது.

டர்போ எஞ்சினில் இந்த ஓட்டம் ஒரே திசையில் நிற்பதில்லை. நின்றுகொண்டிருக்கும்போதும் மெதுவாக ஓட்டும்போதும் மேனிஃபோல்டில் வெற்றிழுப்பு இருப்பதால் மேலே சொன்னபடி நடக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தி டர்போ காற்றைத் திணிக்கத் தொடங்கியவுடன் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் கிராங்க் கேசுக்குள் புகாமல் இருக்க ஒரு ஒருவழி வால்வு மூடிக்கொள்கிறது. அப்போது வாயுவுக்கு இருக்கும் ஒரே வழி, முன்பு தூய காற்று வந்த அதே பிரீதர் குழாய்தான். அதன் வழியே பின்னோக்கிப் போய், டர்போவின் வாயருகே உள்ள சிறு உறிஞ்சலில் கலந்து, டர்போ, இன்டர்கூலர், மேனிஃபோல்டு என்று மறுபடியும் எஞ்சினுக்குள் வருகிறது. எனவே இன்டர்கூலரில் சிறிது ஆயில் படலம் இருப்பதை மட்டும் வைத்து எஞ்சின் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. என் காரில் இருந்தது படலம் அல்ல, தேக்கம். அதனால்தான் அக்கறை எடுத்துக்கொண்டேன்.

தேங்கினால் என்ன கெடும் என்பது எஞ்சினின் வகையைப் பொறுத்தது. பெட்ரோல் மேனிஃபோல்டிலேயே தெளிக்கப்படும் எம்பிஎஃப்ஐ எஞ்சினில், இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கும். டைரக்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் அந்தக் கழுவல் இல்லை. ஆயில் ஆவி வால்வின் முதுகில் சுட்டுக் கருகிப் படிந்துகொண்டே போகும். சிலிண்டருக்குள் சேரும் ஆயில் பெட்ரோலின் ஆக்டேன் தரத்தைக் குறைத்து, எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும் நாக்கிங்கைத் தூண்டும். தாழ்ந்த வேகத்தில் அதிகப் பளுவோடு ஓட்டும்போது, ஸ்பார்க்குக்கு முன்பே தீப்பற்றும் ஆபத்தும் கூடும். இன்டர்கூலரின் உட்சுவரில் ஆயில் படிந்தால் வெப்பம் வெளியேறுவது குறையும். இவற்றைவிட உடனடிக் கெடுதல் ஒன்று உண்டு. டர்போவுக்குப் போகும் ஆயில் பம்பின் அழுத்தத்தில் போனாலும், அங்கிருந்து எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பிற்குத் திரும்புவது வெறும் ஈர்ப்பு விசையால்தான். கிராங்க் கேசில் அழுத்தம் ஏறினால் அந்த இறக்கம் தடைப்பட்டு, டர்போவின் நடுப்பகுதியில் ஆயில் தேங்கி, ஷாஃப்ட் சீலைத் தாண்டி வெளியேறும். சைலன்சரில் நீலப்புகை வந்ததும் டர்போ போய்விட்டது என்று விலை உயர்ந்த புது டர்போ மாற்றி, அதன்பிறகும் புகை நிற்காமல் திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் அளவு. இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. கொத்தனார்கள் தரைமட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிவான தண்ணீர்க் குழாய் போதும். ஆயில் ஊற்றும் மூடியில் உபரியாக ஒன்று வாங்கி, நடுவில் துளையிட்டு ஒரு சிறு நிப்பிளைக் காற்று புகாமல் பதித்துக்கொண்டேன். குழாயை ஒரு பலகையில் ‘ப’ எழுத்தைப் போல் வளைத்துக் கட்டி, பாதிவரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை அந்த நிப்பிளில் மாட்டி மறுமுனையைத் திறந்து விட்டேன். இரு பக்க நீர்மட்டங்களின் வித்தியாசமே அழுத்தம்: 10 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு மில்லிபார், ஒரு பிஎஸ்ஐ என்பது 703 மில்லிமீட்டர். குழாயின் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும்; இல்லையென்றால், வெற்றிழுப்பைக் கட்டுப்படுத்தும் ரப்பர் சவ்வான டயாபிரம் கிழிந்த எஞ்சின் தண்ணீரை உள்ளே இழுத்துவிடக்கூடும். ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி போகும் குழாயில் மாட்டி அளப்பதை நான் தவிர்ப்பேன். சில எஞ்சின்களில் அந்தக் குழாயின் அடிமுனை ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும், கிடைக்கும் அளவு பொய்யாகும்.

நின்று ஓடும்போது நல்ல எஞ்சினில் தண்ணீர் எஞ்சின் பக்கமாக ஏறவேண்டும், அதாவது வெற்றிழுப்பு இருக்கவேண்டும். எவ்வளவு என்பது தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டைப் பொறுத்தது. சில எஞ்சின்களில் சில பத்து மில்லிமீட்டர் இருக்கும், டயாபிரத்தால் கட்டுப்படுத்தப்படும் சிலவற்றில் 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை போகும். ஆனால் முக்கியமான அளவு ஓட்டத்தில் எடுப்பது. சாலையில் தண்ணீர் ஆடும் என்பதால், குறைந்த அழுத்தம் காட்டும் ஒரு சிறு கேஜை நீளமான ஹோஸ் மூலம் உள்ளே கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்து, திருமயம் தாண்டிய நேர்ச்சாலையில் டர்போ முழுவீச்சில் தள்ளும்படி ஓட்டினேன். கேஜ் 60 மில்லிபாருக்கு மேல் ஏறியது. தண்ணீர்க் கணக்கில் 600 மில்லிமீட்டருக்கும் அதிகம். கிராங்க் ஷாஃப்டின் முன்னும் பின்னும் உள்ள ஆயில் சீல்கள் சிதறும் ஆயிலைத் தடுக்கச் செய்யப்பட்டவை. அவற்றின் உதடு இப்படிப்பட்ட அழுத்தத்தை நாள்தோறும் தாங்குவதற்கு ஆனதல்ல.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

பிரீதரைக் கழற்றி வெளியே விடும் வழியை மெக்கானிக்குகள் பலர் விரும்புவதற்குக் காரணம், அது கண்ணெதிரே பலன் காட்டுவது. குழாய் உலர்ந்துவிடும், இன்டர்கூலர் உலர்ந்துவிடும், செலவும் இல்லை. ஆனால் நான்கு காரணங்களுக்காக நான் இதை ஏற்கவில்லை. முதலாவது, டர்போவின் வாயிலிருந்த சிறு உறிஞ்சலையும் இழந்துவிடுகிறோம்; வாயு தன் சொந்த அழுத்தத்தாலேயே வெளியேற வேண்டியிருக்கிறது. இரண்டாவது, எஞ்சின் நின்று ஓடும்போது பிசிவி வால்வு தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். திறந்துவிட்ட அந்தக் குழாய் வழியாக, பில்டரைக் காணாத காற்று நேராக எஞ்சினுக்குள் போகும். நம் ஊரில் அந்தக் காற்று வெறும் காற்று அல்ல. கோடையில் கல்லல், குன்றக்குடிப் பக்கம் ஒரு நாள் போய்வந்தால் பானெட்டின் அடிப்புறமே சிவந்துவிடும். அந்தச் செம்மண் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங்குக்கும் ரிங்குக்கும் உப்புத்தாள்தான். குழாய் முனையில் சிறு பில்டர் வைத்தாலும் அது ஆயிலில் நனைந்து சில மாதங்களில் அடைத்துக்கொள்கிறது. மேலும் காற்றளவு சென்சார் உள்ள வண்டியில், அளக்கப்படாத காற்று உள்ளே வருவதால் பெட்ரோல் கலவை மெலிந்து செக் எஞ்சின் விளக்கு எரியக்கூடும். மூன்றாவது, சூடான டர்போவுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அருகே ஆயில் ஆவியை விடுவது தீ ஆபத்து. நான்காவது, சட்டம். வாகன மாசுக்கான பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பெட்ரோல் வண்டிகளுக்குக் கிராங்க் கேஸ் வாயு வெளியே வரக்கூடாது என்பது அவற்றுக்கு முந்தைய விதிகளிலும் தனிச் சோதனையாகவே இருந்துவந்தது. ஆண்டுதோறும் எடுக்கும் புகைச் சான்றிதழ்ச் சோதனை சைலன்சர் முனையை மட்டும் பார்ப்பதால் இதைக் கண்டுபிடிக்காது. அதற்காக, அந்தப் புகையைப் பேருந்து நிலையத்து நெரிசலில் பக்கத்தில் நிற்பவர்கள் சுவாசிக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

தொழிற்சாலை கொடுத்த அமைப்பையே மீட்டுச் சரிசெய்யும் வழி, பேச்சில் அழகற்றது. ஆனால் என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் பலன் மிகுந்தது இதுதான், ஆகவே இதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிசிவி வால்வு, ஒருவழி வால்வு, இவற்றை இணைக்கும் ஹோஸ்கள், டேப்பட் கவருக்குள் இருக்கும் ஆயில் பிரிப்பான் ஆகிய நான்கில் எது கெட்டாலும் ரிங் போனதைப் போன்ற அறிகுறி தோன்றும். ஒருவழி வால்வு மூட மறுத்தால், டர்போ திணிக்கும் காற்று மேனிஃபோல்டிலிருந்து நேரே கிராங்க் கேசுக்குள் புகும். அந்த வெள்ளம் ஆயிலையும் வாரிக்கொண்டு பிரீதர் வழியே ஓடும். பிசிவி அடைத்துக்கொண்டால், நின்று ஓடும்போது கழுவல் இல்லாமல் ஆயிலில் நீரும் பெட்ரோலும் சேரும். டயாபிரம் கிழிந்தால் விசில் போன்ற சத்தம் கேட்கும், ஓட்டத்தில் நடுக்கம் இருக்கும், எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்கவே கை வலிக்கும். சூட்டில் விறைத்து வெடித்த ஹோஸ்கள் நம் ஊர் வெயிலில் சாதாரணம். வால்வைச் சோதிப்பது எளிது: கழற்றி ஊதிப் பார்த்தால் ஒரு பக்கமே காற்றுப் போகவேண்டும். சில எஞ்சின்களில் வால்வு டேப்பட் கவரோடு ஒரே அச்சாக வார்க்கப்பட்டிருக்கும். அங்கே கவர் முழுவதையும் மாற்றவேண்டியிருப்பதால் செலவு கூடும், ஆனாலும் ரிங் வேலையின் அருகில் வராது.

என் காரில் ஒருவழி வால்வின் இருபக்கமும் காற்றுப் போயிற்று. அதையும் அதோடு வரும் ஹோஸையும் மாற்றிவிட்டு அதே திருமயம் சாலையில் அதே கியரில் ஓட்டினேன். 60 மில்லிபாருக்கு மேல் காட்டிய கேஜ், 5 மில்லிபாரில் நின்றது. ஒரு கேனும் வாங்காமல், ஒரு போல்ட்டையும் எஞ்சினிலிருந்து இறக்காமல் சிக்கலின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

இதே வழியில் சேரவேண்டியது ஆயில் தேர்வு. சூட்டில் எவ்வளவு ஆயில் ஆவியாகிறது என்பதை நோக் என்ற சோதனையில் அளக்கிறார்கள்: 250 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து இழப்பைப் பார்ப்பார்கள். 2020இல் வந்த அமெரிக்க ஏபிஐ எஸ்பி ஆயில் தரத்தின் எரிபொருள் சிக்கன வகைகளுக்கு 15 சதவீதம் வரை அனுமதி. ஐரோப்பிய ஏசிஇஏ சி3 தரத்துக்கு 13 சதவீதம். கையேடு இரண்டையும் அனுமதித்தால் குறைவாக ஆவியாவதையே தேர்ந்தெடுக்கலாம். ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் கூடாது. அரை லிட்டர் கூடினால் தவறில்லை என்ற பழக்கம் டர்போ வண்டிக்கு ஒத்துவராது.

கேட்ச் கேன் பற்றி இணையத்தில் படிப்பவர்களுக்கு இரண்டு குழப்பங்கள் வருகின்றன. ஒன்று, எந்தக் குழாயில் வைப்பது. பிசிவி குழாயில் மட்டும் வைத்தால், டர்போ தள்ளும் நேரத்தில் அந்தக் குழாய் மூடியிருப்பதால் கேன் சும்மா கிடக்கும். திருச்சி, மதுரை நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு ஆயில் போவது பெரும்பாலும் பிரீதர் பக்கமாகத்தான், அங்கே வைக்கவேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு பிசிவி பக்கம் பொருள் உண்டு. இரண்டு பக்கமும் வைப்பது சிறந்தது என்றாலும், இரண்டு மடங்கு இணைப்புகள் என்றால் இரண்டு மடங்கு கசிவு வாய்ப்பு. மற்றொன்று, எப்படிப்பட்ட கேன். உள்ளே தடுப்புத் தகடோ கம்பிவலையோ இல்லாத வெறும் டப்பா ஆயில் துளிகளைப் பிடிக்காது. வாயு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே போய்விடும். நிப்பிளின் உள்விட்டமும் முக்கியம். வண்டியின் பிரீதர் குழாய் 19 மில்லிமீட்டராக இருந்து, மலிவான கேனின் நிப்பிள் 10 மில்லிமீட்டராக இருந்தால், அந்த இடத்தில் பரப்பு 3.6 மடங்கு குறைகிறது. அதே அளவு வாயு போக ஏறக்குறைய 13 மடங்கு அழுத்த வித்தியாசம் வேண்டும். ஆயிலைப் பிடிக்க வைத்த பொருளே கிராங்க் கேஸ் அழுத்தத்தை ஏற்றிவிடும். இதனால்தான் கேன் வைத்தபிறகும் ஒருமுறை அளக்கவேண்டும் என்கிறேன்.

குளிர்நாட்டு வாகன ஓட்டிகள், கேனில் சேரும் நீர் உறைந்து குழாய் அடைத்து சீல் வெடிக்கும் என்று எச்சரிப்பது அவர்களுக்கு உண்மை. நமக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு நேர் எதிரான சிக்கல். பானெட்டுக்கு அடியில், டர்போவின் பக்கத்தில் கேனை மாட்டினால், ஆயில் ஆவி குளிர்ந்து துளியாவதற்கே வாய்ப்பில்லை. ஹெட்லைட்டின் பின்புறம், ரேடியேட்டருக்கு ஓரமாக, முன்காற்று படும் இடமே தகுந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், அதிலும் எஞ்சின் ஆயில் சூடாகுமுன் நிறுத்திவிடும் குறுந்தூர ஓட்டத்தில், கேனில் மோர் போன்ற வெளிர்நிறக் கலவை சேரும். அதைக் கண்டு ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை, கூலன்ட் குறையாமல் இருக்கும்வரை. அந்தக் கலவையை எஞ்சினில் திரும்ப ஊற்றக் கூடாது. வாய்க்காலிலோ ஊருணிக் கரையிலோ கொட்டவும் கூடாது. கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். வாரன்டி காலத்தில் உள்ளவர்கள் கேன் பொருத்துவதற்கு முன் டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பிடித்த ஆயிலைத் தானே சம்பிற்குத் திருப்பி அனுப்பும் பிரிப்பான்களும் இருக்கின்றன. சிலவற்றில் எஞ்சினின் கூலன்ட் ஓடுவதால் உட்புறம் சூடாகவே இருந்து, நீரும் பெட்ரோலும் துளியாகாமல் ஆவியாகவே போய் எரிகின்றன. ஆயில் மட்டும் இறங்குகிறது. காலி செய்ய மறக்கிறவர்களுக்கு இது நல்ல வழிதான். ஆனால் திரும்பும் குழாய்க்கு சம்பில் ஓர் இணைப்பு, கூலன்டுக்கு இரண்டு இணைப்புகள் என்று வேலை விரிகிறது. பெரும்பாலும் இறக்குமதிப் பொருள், நம் ஊரில் இதைச் சரியாகப் பொருத்துபவர் கிடைப்பது அரிது. ரேஸ் கார்களில் வைக்கும் வேக்கும் பம்பை இங்கே எடுத்துப் பேசவேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் ஓட்டத்தால் உறிஞ்சும் முறையோ, டர்போவும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட்டும் உள்ள வண்டியில் பின்னழுத்தத்தால் வேலை செய்யாது.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை தனியே. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போன்ற மேனிஃபோல்டு வெற்றிழுப்பு இல்லை. பொதுவாக டயாபிரம் வழியாக டர்போ வாய்க்குப் போகும் ஒரே குழாய்தான். எனவே ஒரு கேன் போதும், எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே அனுப்பும் இஜிஆர் வழியே வரும் கரியோடு ஆயில் சேர்ந்து மேனிஃபோல்டு அடைத்துக்கொள்வதை அது நன்றாகவே குறைக்கும். ஆனால் காலி செய்யாமல் விட்டுக் கேன் நிரம்பி, ஒரு வளைவில் அத்தனை ஆயிலையும் டர்போ இழுத்துவிட்டால், டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் சுழலும். சாவியை எடுத்தாலும் நிற்காது. மாதம் ஒருமுறை திறந்து பார்க்க முடியாதவர் டீசலில் கேன் வைக்காமல் இருப்பதே மேல்.

மச்சான் சொன்ன ரிங் வேலை எப்போது சரி? வால்வும் ஹோஸும் நல்ல நிலையில் இருந்தும் அழுத்தம் இறங்காதபோது. அப்போதும் இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். டர்போவின் ஷாஃப்ட் சீல் தேய்ந்திருந்தால், அழுத்தக் காற்றும் எக்ஸாஸ்டும் ஆயில் திரும்பும் குழாய் வழியே சம்பிற்குள் இறங்கி ரிங் கசிவு போலவே தோன்றும். அதனால் லீக் டவுன் சோதனை எடுக்கச் சொல்லவேண்டும்: ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் இழக்கிறது என்று பார்த்து, ஆயில் மூடியில் காதை வைத்துக் கேட்பது அது. என் காரில் மூன்று சிலிண்டர்களும் 8 முதல் 11 சதவீதத்துக்குள் இருந்தன. அந்த அளவில் எஞ்சினைப் பிரிப்பது பணத்தை விரயம் செய்வது. ஒரு சிலிண்டர் மட்டும் தனித்து 25, 30 என்று காட்டி, சத்தமும் கிராங்க் கேசில் கேட்டால், மச்சான் சொன்னதே சரி. எந்தக் கேனும் அதைக் காப்பாற்றாது. இதை அவரிடமும் சொன்னேன். எண்களைப் பார்த்தபின் அவரும் ஒப்புக்கொண்டார்.

வால்வை மாற்றியபின் பிரீதர் பக்கம் மட்டும் ஒரு கேன் வைப்பதென்று முடிவு செய்தேன். டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின் என்பதே காரணம். எம்பிஎஃப்ஐ வண்டியாக இருந்திருந்தால் வால்வோடு நிறுத்தியிருப்பேன். கம்பிவலையும் தடுப்புத் தகடும் உள்ள, 19 மில்லிமீட்டர் நிப்பிள் கொண்ட கேனை வலது ஹெட்லைட்டின் பின்னால் பொருத்தினோம். ஆயில் தாங்கும் ஹோஸ் மட்டுமே பயன்படுத்தினோம், தண்ணீர் ஹோஸ் சில மாதங்களில் உப்பிக் கூழாகிவிடும். பொருத்தியபின் எடுத்த அளவு 5லிருந்து 7 மில்லிபாராக ஏறியது; ஏற்கக்கூடிய விலை. மூன்று மாதம் கழித்துக் கேனைத் திறந்தபோது சிறிய காப்பி டம்ளரில் கால் பாகம் அளவு ஆயில் இருந்தது. துடைத்து வைத்திருந்த இன்டர்கூலர் குழாயில் விரலில் ஒட்டும் அளவுக்கு மெல்லிய படலம் மட்டும். துளையிட்ட ஆயில் மூடியும் தண்ணீர்க் குழாய்ப் பலகையும் கார் ஷெட்டில் தொங்குகின்றன. ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும், பழைய ஆயிலை இறக்குமுன் எஞ்சின் சூடாக இருக்கையில் ஒருமுறை மாட்டி, எண்ணை சர்வீஸ் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறேன்.